மஞ்சள் தெளித்த தபால்

கோயம்புத்தூர்
2 ஜூன் 2025

அன்புள்ள தங்கை லோகநாயகிக்கு,

உன் போனில் என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று மருமகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அறுபத்தைந்து வயதில் இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ரிட்டையர் ஆனதும் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு கோவைக்கு வந்துவிடு என்றுதான் சித்திரையில் சொன்னேன். அது ஒரு குற்றமா? போகட்டும். போஸ்ட் ஆபீஸ் நடத்துகிறவளுக்குத் தபால் போட்டால் பிரிக்காமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் நல்ல விஷயம். நம் வேலாயுதநல்லூர் கிளை அஞ்சலகத்துக்கு இந்த ஆண்டு நூறு வயது. ஆவணியில் விழா எடுத்து மலர் வெளியிட மேலத்தெருவில் கமிட்டி போட்டிருக்கிறார்கள். வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பேங்கில் முப்பது வருஷம் சர்க்குலர் எழுதிய கைதானே, வேகமாகவே வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் போட்டோவை அனுப்பு.

எனக்கே பிடித்த பகுதி அப்பாவைப் பற்றியது. தென்காசியிலிருந்து பஸ்ஸில் தபால் பை வந்ததும் கடிதங்களைப் பலகையில் பரப்பி, மாவிலையால் மஞ்சள் நீர் தெளித்த பிறகே முத்திரை குத்துவார் என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் கலைமகளாகப் பார்த்த மனிதர். கீழத்தெரு ஜனங்கள் விலாசத்தைப் பென்சிலில் எழுதும் வெள்ளந்தித்தனத்தையும் சேர்த்திருக்கிறேன். எழுதும்போது கண் கலங்கிவிட்டது.

விழா அன்றும் பெரியவர் ஒருவரைக் கொண்டு மஞ்சள் நீர் தெளித்துத் தொடங்கலாம் என்று கமிட்டியில் இருக்கும் நாறும்பூநாதன் சொல்கிறான். நீ என்ன நினைக்கிறாய்?

உன் அண்ணன்,
கோமதிசங்கர்

*

வேலாயுதநல்லூர்
9 ஜூன் 2025

அண்ணனுக்கு,

பிளாக்கை எடுக்கப் போவதில்லை. போனில் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் மதினி போனை வாங்கி என் சர்க்கரை அளவை விசாரிப்பாள். உங்கள் பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட ஆள் வேண்டும் என்றால் அதை நேராகக் கேட்டிருக்கலாம். வீட்டைப் பூட்டு, தனிமை, வயசு என்று சுற்றி வளைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் வரலாற்றைப் படித்தேன். பாயசத்தில் முடி கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இது வரலாறு இல்லை, கல்யாணப் பத்திரிகை. "எங்கள் குடும்பம் ஊருக்கு அளித்த கொடை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கொடை? கிளை அஞ்சலகம் நடத்துகிறவர்கள் இடத்தை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. தாத்தாவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, முன்னறையைக் கொடுத்தார். அதற்குப் பின் அந்த அறை நம்முடையதாக இருந்ததே இல்லை. மூலையில் எவனாவது வெற்றிலையைத் துப்பியிருப்பான். பசை டப்பாவில் கரப்பான் செத்துக் கிடக்கும். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களைப் பின்வாசல் வழியாக, மாட்டுச் சாணத்தைத் தாண்டி உள்ளே கூட்டி வந்தோம், முன்னால் மணியார்டர் கூட்டம் என்பதால். இதையும் மலரில் போடுங்கள்.

மஞ்சள் நீரைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ஆகவேண்டிய காரியத்தைச் சொல்கிறேன்.

ஜூலையோடு என் வேலை முடிகிறது. என் இடத்துக்கு மார்க் பார்த்து ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். பேர் மாரிச்செல்வி, ஆலங்குளம் பக்கம். இருபத்து நாலு வயது, துடியான பிள்ளை. ஆபீஸ் வைக்க அவளும் இந்த ஊரில் ஓர் அறை பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் நம் ஆபீஸை அச்சன்புதூரோடு சேர்த்துவிடுவார்களாம். தபால் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் பென்ஷன் வாங்குகிற கிழடுகள் எல்லாம் பஸ் ஏறத்தான் வேண்டும்.

அவளோடு மேலத்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே நாடகம். முதலில் "வாங்க, வாங்க." பிறகு "எந்த ஊரும்மா?" ஆலங்குளம் என்பாள். "ஆலங்குளத்துல எங்கன?" பக்கத்துக் கிராமத்தைச் சொல்வாள். "அங்கன எந்தத் தெரு?" தெருப் பேரைச் சொன்னதும் அந்த வீட்டு மகள் துபாயிலிருந்து கிளம்பிவிடுவாள், அந்த அறை அவளுக்கு வேண்டுமாம். நாறும்பூநாதன் அண்ணாச்சி மட்டும் மகளைக் கிளப்பவில்லை. "ரூம் கெடக்கு, ஆனா நெல்லு மூட அடுக்கிருக்கேன்லா" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. வௌவால் எச்சம்தான் கிடந்தது. அதற்குக் கொடுத்த இடத்தை இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க மனமில்லை.

அவளிடம் பொறுத்திரு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இருக்கிற இடத்திலேயே, நம் முன்னறையிலேயே ஆபீஸ் இருக்கட்டும். வாடகைச் சீட்டில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு இன்னும் அப்பா பேரில்தானே இருக்கிறது? சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

லோகநாயகி

*

கோயம்புத்தூர்
18 ஜூன் 2025

அன்புள்ள லோகநாயகிக்கு,

உன் கடிதத்தில் இருந்த காரத்தை வயதின் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எங்கள் அபார்ட்மெண்டில் எல்லாரும்தான் இருக்கிறார்கள். லிஃப்டில் யாரும் யாரையும் தெருப் பேர் கேட்பதில்லை. பேங்கில் என் கீழே வேலை பார்த்த பிள்ளைகளைக் கேட்டுப் பார், சாரைப் போல வராது என்பார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரியாகவே இருக்கட்டும், நன்றாக வரட்டும். அவள் படிப்புக்கோ வேறெதற்கோ உதவி தேவையென்றால் சொல், செய்கிறேன்.

ஆனால் நம் முன்னறை வேறு விஷயம். அதை அஞ்சலக நினைவகமாக மாற்ற வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. தாத்தா காலத்துத் தராசு, முத்திரைக் கட்டை, அப்பாவின் நாற்காலி, அந்த மஞ்சள் நீர்ச் செம்பு எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைக்கலாம். சாரல் சமயத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். ஓர் அறையில் நினைவகமும் ஆபீஸும் சேர்ந்து எப்படி இருக்கும்?

தெருவில் நாளைக்கு நம் பிள்ளைகள் தலை காட்ட வேண்டும் என்பதையும் நினைத்துப் பார். நாறும்பூநாதன் போன் செய்திருந்தான். "அண்ணாச்சி, நம்ம வாசப்படி ஏறி அவ உள்ள உக்காந்துகிட்டு, நாம வெளிய நின்னு கையெழுத்துப் போடணுமாக்கும்?" என்று கேட்டான். அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஊரோடு இருக்கிறவர்கள் அவர்கள்தானே. அச்சன்புதூர் ஒன்றும் அமெரிக்கா இல்லை. பஸ் இருக்கிறது.

கையெழுத்து இப்போதைக்கு முடியாது. போட்டோவை மறக்காதே.

கோமதிசங்கர்

*

வேலாயுதநல்லூர்
24 ஜூன் 2025

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிற போஸ்ட் ஆபீஸை அச்சன்புதூருக்குத் துரத்திவிட்டு, அதற்கு இங்கே நினைவகம் கட்டுகிறீர்கள்.  படித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன், மிகைப்படுத்தவில்லை.

உங்கள் லிஃப்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். லிஃப்டில் நிற்கும்போது வராத ஜாதி வீட்டு வாசலில்தான் வரும். நாறும்பூநாதன் சொன்ன விதம் பிடிக்கவில்லையாம், சொன்ன விஷயம் பிடித்திருக்கிறது. அந்த ஆளாவது வாயைத் திறந்து சொன்னார். நீங்கள் அதையே சென்ட் அடித்து அனுப்புகிறீர்கள்.

மஞ்சள் நீரைக் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறீர்கள் அல்லவா, அப்படியானால் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலேயே உங்களைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் லீவுக்கு வந்து பார்த்தது தெளித்ததை மட்டும். நான் தினமும் பக்கத்தில் இருந்தேன்.

அப்பா எல்லாக் கடிதத்துக்கும் தெளிக்கவில்லை. முதலில் தெருவாரியாகப் பிரிப்பார். மேலத்தெருக் கடிதங்கள் பலகையில் ஒரு பக்கம், அவை காய்ந்தபடியே இருக்கும். கீழத்தெருக் கடிதமும் பள்ளிவாசல் தெருக் கடிதமும் மறு பக்கம். தெளிப்பது இவற்றுக்குத்தான். வருகிற தபாலுக்கும் தெளிப்பு, பெட்டியில் போட்டதை எடுக்கும்போதும் தெளிப்பு. ஏன் நனைக்கிறீர்கள் என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "ஸ்டாம்ப நாக்கால நக்கி ஒட்டுதானுவ. அந்த எச்சிய நான் கையால தொடணுமாக்கும்?"

இதுதான் உங்கள் கலைமகள்.

அப்போது எல்லாம் மைப் பேனா. தண்ணீர் பட்டால் விலாசம் கரைந்து ஓடும். கீழத்தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரு பையனுக்கு அவன் அம்மா ஆள் வைத்து எழுதிப் போட்ட கடிதம், முகாம் பேர் கரைந்துபோய் எங்கெங்கோ சுற்றிவிட்டு, விலாசம் தெரியவில்லை என்ற முத்திரையோடு இங்கேயே திரும்பி வந்தது. வந்ததற்கும் அப்பா மஞ்சள் நீர் தெளித்தார். அதற்கப்புறம்தான் அந்தத் தெருக்காரர்கள் பென்சிலுக்கு மாறினார்கள். பென்சில் கரையாது. வெளியூரிலிருந்த அவர்கள் பிள்ளைகளும் பென்சிலிலேயே விலாசம் எழுதினார்கள். பென்சில் விலாசம் வந்தால் தென்காசியில் தபால் பிரிக்கிறவர்கள் ஊர்ப் பேரைப் படிக்காமலே நம் பையில் போடுவார்களாம். நீங்கள் அதற்கு வைத்த பேர் வெள்ளந்தி. அந்த ஜனங்கள் நம் அப்பாவிடமிருந்து தங்கள் கடிதங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள் அண்ணே. அதுதான் நம் போஸ்ட் ஆபீஸின் வரலாறு. எழுதுவீர்களா?

வாசல்படியைப் பற்றி நாறும்பூநாதனுக்கு அவ்வளவு கவலை. அந்தப் படியில் கீழத்தெருக்காரர்கள் யாரையும் அப்பா ஏறவிட்டதில்லை. ஜன்னல் கட்டையில் கடிதத்தை வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கையில் கொடுத்தது நான் வேலைக்கு வந்த பிறகுதான்.

கையெழுத்துப் போட மாட்டீர்கள் என்றால் வேண்டாம். அப்பா உயில் எழுதவில்லை. பாதி வீடு எனக்கு. என் பாதி முன்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கில் மாரிச்செல்வி ஆபீஸ் நடத்துவாள். உங்கள் பங்கில், பின்னால் மாட்டுத் தொழுவத்தில், நினைவகம் வைத்துக்கொள்ளலாம்.

போட்டோ அனுப்ப மாட்டேன்.

லோகநாயகி

*

கோயம்புத்தூர்
5 ஜூலை 2025

லோகநாயகிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஒட்டவைத்துப் படித்தேன். உன் மதினியிடம் காட்டவில்லை.

செத்துப்போன மனிதரை இப்படிச் சந்தி சிரிக்க வைப்பதில் உனக்கு என்ன சுகம்? புருஷன் போய்த் தனியாக வந்து நின்றபோது உன்னைச் சேர்த்துக்கொண்டதும், அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அதே அப்பாதான். அவர் காலம் அப்படி. அந்தக் காலத்தில் யார்தான் வேறுமாதிரி இருந்தார்கள்?

கமிட்டியில் பேசிவிட்டோம். மலரில் உன் பெயர் வராது. முன்னறைக்கு நாறும்பூநாதன் பூட்டுப் போட்டு வைப்பான், நீ ஆபீஸ் சாவியை ஒப்படைத்த அன்றைக்கே. பங்கு, பாதி என்று பேசுவதாக இருந்தால் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம். நம் குடும்பத்தில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. நீ ஏற்றி வைக்கிறாய்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஹாஸ்டலுக்கு அப்பா எனக்கு வாரம் தவறாமல் எழுதுவார். அந்தக் கடிதம் எதிலும் மஞ்சள் கறை இருந்ததில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் இதைப் பற்றி நான் யோசிக்க விரும்பவில்லை. நீயும் இனி எழுத வேண்டாம்.

கோமதிசங்கர்

*

வேலாயுதநல்லூர்
22 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். நடந்ததை நாறும்பூநாதன் போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததைச் சொல்லத்தான் இது.

ஜூலை கடைசியில் கணக்கை ஒப்படைத்தேன். அன்று சாயங்காலமே முன்னறையில் பூட்டு தொங்கியது. அண்ணாச்சி தெருவில் நின்றுகொண்டு, "ஒங்க அண்ணன் சொல்லித்தான் போட்டேன், ஏங்கூட மல்லுக்கு நிக்காத ஆச்சி" என்றார். நானும் மல்லுக்கு நிற்கவில்லை. கடப்பாரை எடுத்து வந்து பூட்டை உடைத்தேன். தெருவே கூடி நின்று பார்த்தது.  அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அப்பாவின் நாற்காலியைத் தூக்கித் தொழுவத்தில் போட்டுவிட்டு, புது நாற்காலி வாங்கிப் போட்டேன். மாரிச்செல்வியை வரச் சொன்னேன். வந்தாள். படி ஏறாமல் கீழேயே நின்றாள். அவளைப் படியேற்றத்தானே இத்தனை பாடு என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம்" என்றாள். "கீழத்தெருல சமுதாயக்கூடத்துக்குப் பக்கத்து ரூம பேசி முடிச்சிட்டேன். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு."

எனக்குப் புரியவில்லை. எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நீங்கதான் பொறு, பொறுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் எந்தத் தெருன்னு கேக்க கேக்க நான்தான பதில் சொன்னேன்? நீங்க பக்கத்துல நின்னுகிட்டு இருந்தீங்க."

நான் உனக்காக அண்ணனைப் பகைத்தேன், பூட்டை உடைத்தேன் என்றேன். குரல் உயர்ந்துதான் விட்டது.

அவள் கோபப்படவில்லை. "அது உங்க வீட்டுச் சண்டை மேடம். எங்க ஆளுக வெளிய நின்ன எடத்துல நான் உள்ள போயி உக்காந்தா உங்களுக்குத்தான் நல்லாருக்கும். எனக்கு வேல பாக்க ஒரு ரூம் போதும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணே, நன்றிகெட்டவள் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது, இதுகளுக்கு எவ்வளவு செய்தாலும் இப்படித்தான் என்று. சொல்லவில்லை, ஆனால் வந்தது. "இதுகள்." யாருடைய குரல் அது என்று எனக்குத் தெரியாதா? உங்கள் மேலும் நாறும்பூநாதன் மேலும் இத்தனை நாள் பட்ட அருவருப்பெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், அன்றைக்கு என் மேல் எனக்கு வந்ததுதான் அதிகம். ஊர் முழுக்க அறை தேடினேன், கீழத்தெருவில் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. போஸ்ட் ஆபீஸ் என்றால் அது மேலத்தெருவில்தான் இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கு இருந்த எண்ணம் எனக்கும் இருந்திருக்கிறது. இதையும் உங்கள் மலரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறை சும்மாதான் கிடக்கிறது. நினைவகம் வையுங்கள், கண்ணாடி போடுங்கள், மஞ்சள் நீரைத் தெளித்துக்கொள்ளுங்கள். பங்குக்கும் வரமாட்டேன், கோர்ட்டுக்கும் வரமாட்டேன். வருஷா வருஷம் சாரலுக்கு வந்து, பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு எண்ணெய்த் துண்டுகளை என் தலையில் கட்டிவிட்டுப் போவீர்களே, அது மட்டும் இனி நடக்காது.

போஸ்ட் ஆபீஸ் நன்றாக நடக்கிறது. பள்ளிவாசல் தெரு நஸீபா சேமிப்புக் கணக்கு தொடங்கினாள், இத்தனை வருஷம் என்னிடம் தொடங்காதவள். மேலத்தெருக்காரர்கள்தான் முதலில் யாரும் போகவில்லை. அச்சன்புதூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள், பெருமைக்காக. ஒருநாள் போனார்கள், மறுநாள் போனார்கள். கால் வலி வந்ததும் பெருமை இறங்கிவிட்டது.

நேற்று நானும் ஸ்டாம்ப் வாங்கப் போயிருந்தேன். நாறும்பூநாதன் அண்ணாச்சி வந்தார், முதியோர் பென்ஷன் வாங்க. தோப்பும் வயலும் இருக்கிற மனுஷனுக்கு அந்தப் பென்ஷன் எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டு, கம்பி வழியாகக் கையை மட்டும் நீட்டினார். மாரிச்செல்வி கைரேகை மெஷினைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் விரலின் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, மெஷின் ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"வெயில் பட்டா எடுக்காது அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் படாமல் நின்றார். மாரிச்செல்வி அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலைத் தன் துப்பட்டாவால் துடைத்து, மெஷினில் வைத்து, மேலே தன் விரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விளக்கு பச்சையாகும் வரைக்கும் விடவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணாமல் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் தலையோடு குளித்தாராம். அவர் மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த விரல் இனி மெஷினில் தானாகப் பதியாது. மாதா மாதம் அவள் பிடித்து அழுத்தினால்தான் பணம் வரும். மாதா மாதம் அவர் குளிக்கட்டும்.

லோகநாயகி